சொந்த நடை இல்லாதவர்

என் அக்காள் புருஷனுக்குச் சொந்தமாக ஒரு நடை கிடையாது. புதுக்கோட்டைக் கடைவீதியில் அவரோடு நடந்து போனால், முன்னால் போகிற ஆள் யாரோ அவருடைய நடை சிறிது நேரத்தில் இவருக்கு வந்துவிடும். மூட்டை தூக்கிப் பழகியவர் முன்னால் போனால் இவருடைய கழுத்து கொஞ்சம் உள்ளே இறங்கும். கோர்ட்டுக்குப் போகும் வக்கீல் குமாஸ்தா போனால், இவருடைய இடது கை இல்லாத காகிதக் கட்டு ஒன்றை விலாவோடு அணைத்துக்கொள்ளும். கேலி செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பழகப் பழகத்தான் அவருக்கே தெரியாமல் நடக்கிற காரியம் என்று புரிந்தது. "மச்சான்" என்று தோளைத் தொட்டால் திடுக்கிட்டு நிற்பார்.

"ஏன் மாப்ளே, மறுபடியும் ஆரம்பிச்சுட்டனா?"

அவர் நாடக நடிகர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்து ஊர்களிலும் அதைத் தாண்டியும் கொட்டகை போட்டு ஆடிய ஒரு கம்பெனியில் இருந்தார். நான் அப்போது புதுக்கோட்டைக்கும் கறம்பக்குடிக்கும் ஓடிய மோட்டார் பஸ்ஸில் கண்டக்டர். கம்பெனிக்கு ஓய்வு விட்ட நாட்களில் என் பஸ்ஸில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொள்வார். எங்கும் இறங்க மாட்டார். கறம்பக்குடி வரை வந்து, அதே பஸ்ஸில் திரும்பிப் போவார். ஏறுகிற, இறங்குகிற ஜனங்களைப் பார்ப்பதுதான் வேலை.

"மாப்ளே, அந்த வடகாட்டு ஆளு ஒங்கிட்ட சண்டை போட்டான்ல? கோவம் வந்த ஒடனே அவன் மொதல்ல என்ன செஞ்சான், சொல்லு பாப்போம்."

"கத்தினான்."

"இல்ல. வேட்டிய அவுத்துத் திரும்பக் கட்டினான். கட்டி முடிச்சிட்டுத்தான் கத்தினான்."

இப்படித்தான் அவர் பேச்சு.

பார்வைக்கு அவர் ஒரு சாதாரண ஆள். நடுத்தர உயரம், மாநிறம், நினைவில் நிற்காத முகம். ஒருமுறை பார்த்தவர் மறுமுறை பார்த்தால் "எங்கேயோ பாத்திருக்கேனே" என்பார்களே தவிர, இன்னார் என்று சொல்ல மாட்டார்கள். பாட்டும் வராது. அந்தக் காலத்தில் பாட்டு வராதவனுக்கு ராஜா வேஷம் கிடையாது. "நான் வாயத் தொறந்தா ஆர்மோனியக்காரரு எந்திரிச்சு வெளிய போயிருவாரு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஆகையால் எந்த வேஷம் ஆள் இல்லாமல் கிடக்கிறதோ அது அவருக்கு வரும். மந்திரி, வேடன், சேவகன், கிழட்டு முனிவர், பைத்தியக்காரன், தாதி. ஒரே நாடகத்தில் நாலைந்து வேஷத்தில் வருவார். கிழவியாக வந்ததும் வேடனாக வந்ததும் ஒரே ஆள்தான் என்று நான் சொன்னதற்கு, பொன்னமராவதியில் ஒருவர் என்னை அடிக்கவே வந்துவிட்டார்.

அதே பொன்னமராவதியில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்து மிராசுதார் ஒருவர் கம்பெனிக்கு ரொம்ப வேண்டியவர். கொட்டகை போட இடம் கொடுத்தவரும் அவர்தான். யார் என்ன கேட்டாலும் உடனே பதில் சொல்ல மாட்டார். வெற்றிலைப் பெட்டியைத் திறப்பார், உள்ளே பார்ப்பார், ஒன்றும் எடுக்காமல் மூடுவார், காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டு "பாப்பம்" என்பார். மச்சான் இரண்டு நாள் அவர் வீட்டுப் பக்கம் போய்வந்தார். மூன்றாம் நாள் நாடகத்தில் மந்திரியாக வந்து, பகைவன் கோட்டை வாசலுக்கு வந்துவிட்டான் என்று ராஜா பதறும்போது, மடியிலிருந்து ஒரு வெற்றிலைப் பெட்டியை எடுத்துத் திறந்தார். பார்த்தார். மூடினார். காதுக்குப் பின்னால் கை போனதுமே கொட்டகை அதிர்ந்தது. ஊர் முழுக்கத் தெரிந்துகொண்டது. பெண்கள் பக்கம் மிராசுதாரின் மனைவி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு குலுங்கினார்.

முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்த மிராசுதாரும் விழுந்து விழுந்து சிரித்தார். நாடகம் முடிந்து திரைக்குப் பின்னால் வந்தவர், "யாருய்யா அந்தக் கூமுட்டை மந்திரி? இப்படியும் ஒருத்தன் இருப்பானா!" என்று மச்சானின் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

மச்சான் சிரிக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது சொன்னார்:

"அந்த மனுசன் தன்னையே பாத்ததில்ல மாப்ளே. நமக்கும் அப்பிடித்தான். நம்மள நாம பாத்ததே இல்ல."

புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்தில் கோயிலுக்குப் பின்பக்கத்துத் தெருவில் அக்காவும் அவரும் குடியிருந்தார்கள். வீட்டிலும் அவர் சும்மா இருக்க மாட்டார். எண்ணெய் விற்க வருகிற அம்மாள், எதிர்வீட்டு மாமியார், பூசைக்கு நேரமாகிவிட்டதென்று ஓடுகிற ஐயர், எல்லாரும் அந்தச் சின்ன வீட்டுக்குள் வந்து போவார்கள். அக்கா கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். ஒருநாள் நான் போயிருந்தபோது அவர் எண்ணெய்க்கார அம்மாளாகவே பேசிக்கொண்டிருந்தார். அக்கா அடுப்பை விட்டுத் திரும்பாமலே சொன்னாள்:

"அந்தம்மாவைப் போகச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரு வந்தாத்தான் சோறு போடணும்."

நாங்கள் மூவரும் சிரித்தோம். ஆனால் அக்கா முழுக்க வேடிக்கைக்காகச் சொல்லவில்லை என்று எனக்குப் பட்டது.

அவர்களுக்கு ஒரு மகன் இருந்தான். ராசு. வெகுநாள் காத்திருந்து பெற்ற பிள்ளை அல்ல, கல்யாணமான மறு வருஷமே பிறந்தவன். மூன்றாவது வயது நடக்கும்போது காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள். தணிந்த மாதிரி இருந்தது, பிறகு ஒரே நாளில் ஏறியது. கம்பெனி அப்போது பொன்னமராவதியில் இருந்தது. நான்தான் போய் மச்சானைக் கூட்டிக்கொண்டு வந்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். 

வீட்டில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். ஒப்பாரி வைத்தார்கள். அக்கா அவர்களோடு சேரவில்லை. பையனின் சட்டை ஒன்று அவள் கையில் இருந்தது. அதை மடியில் வைத்து மடித்தாள். பிரித்தாள். மறுபடியும் மடித்தாள். மடித்து மடித்து உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவுக்குச் சின்னதாக்கி, அதை அடிவயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டு வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மூச்சு உள்ளே இழுத்துக்கொண்டே போயிற்று. எங்கே நின்றுவிடுமோ என்று எங்கள் ஆத்தா ஓடிப்போய் முதுகைத் தடவினாள். மூச்சு திரும்பியதும் அக்கா பக்கத்தில் இருந்தவளிடம், "தண்ணி கேட்டானே, குடுத்தீங்களா?" என்றாள். பிறகு அடுத்தவளிடம் கேட்டாள். அதற்கடுத்தவளிடமும்.

மச்சான் தூணில் சாய்ந்து நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் ஈரம் இல்லை. எடுத்துப்போகும்போதும் இல்லை, திரும்பி வந்து குளித்தபோதும் இல்லை. ஆத்தா என்னிடம் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"பெத்த தகப்பன்டா அவரு. வேடிக்கை பாக்க வந்தவரு மாதிரியில்ல நிக்கிறாரு."

அதற்குப் பின் ஒரு வருஷத்துக்கு மேல் போயிருக்கும். அக்கா கோயிலுக்குப் போவாள், கிணற்றுக்குப் போவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். நாடகத்துக்கு மட்டும் போவதில்லை. மச்சானும் வீட்டுக்குள் யாரையும் அழைத்து வருவதை விட்டுவிட்டார். எண்ணெய்க்கார அம்மாளும் ஐயரும் வாசலோடு நின்றுகொண்டார்கள்.

அந்தச் சமயம் கம்பெனியில் தாய் வேஷம் கட்டிக்கொண்டிருந்தவர் பேசும் படத்தில் சேர்ந்துவிட்டார். அவர் விட்டுப்போன வேஷம், வழக்கம்போல மச்சானுக்கு வந்தது. மகனைப் பறிகொடுத்த ராணி. இரண்டு ஊர்களில் ஆடியதுமே பேச்சு பரவிவிட்டது. என் பஸ்ஸில் ஏறுகிற பெண்கள் எல்லாம் அதையே பேசினார்கள். "என்னத்தச் சொல்ல, பாத்துட்டு வந்து ரெண்டு நாளு சோறு எறங்கலடி." கம்பெனி திருக்கோகர்ணத்துக்கு வந்தபோது அக்கம்பக்கத்துப் பெண்கள் அக்காவை விடவில்லை. "ஒம் புருசன் ஊரையே அழ வைக்கிறாரு, நீ பாக்காட்டி எப்பிடி?" என்று இழுத்துக்கொண்டு போனார்கள். நான் ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

ராணி மேடையில் தனியாக உட்கார்ந்தாள். கையில் ஒரு சின்னப் பட்டுத்துணி. அதை மடித்தாள். பிரித்தாள். மறுபடியும் மடித்தாள்.  அவர் அதை அடிவயிற்றில் வைத்து அழுத்தி வாயைத் திறந்தார். சத்தம் இல்லாமல் மூச்சு உள்ளே இழுத்துக்கொண்டு போயிற்று. கொட்டகை முழுக்க ஒரு செருமல்கூட இல்லை. பிறகு ராணி தோழியைப் பார்த்துக் கேட்டாள்: "தண்ணீர் கேட்டானே, கொடுத்தீர்களா?" அடுத்தவளைப் பார்த்துக் கேட்டாள். ஜனம் உடைந்து அழுதது. என் பக்கத்தில் இருந்த தாடிக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

நான் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்த அத்தனை பேருக்கும் நடுவில் அக்கா எழுந்து நின்றாள். உட்கார்ந்திருந்தவர்களை ஒதுக்கிக்கொண்டு, அவசரமில்லாமல் வெளியே போனாள்.

மறுநாள் காலை என் பஸ்ஸில் ஒரு துணி மூட்டையோடு ஏறினாள்.  ஆலங்குடி வந்து பஸ் நின்று, ஜனம் இறங்கி ஏறுகிற சத்தத்துக்கு நடுவில் சொன்னாள்:

"தம்பி, அவரு அன்னிக்கு அழுகல. பாத்துக்கிட்டு இருந்தாரு. எதுக்குப் பாத்தாருன்னு நேத்துத்தான் தெரிஞ்சுச்சு."

கறம்பக்குடியில் எங்கள் வீட்டில் வந்து இருந்துவிட்டாள். ஆத்தாவும் நானும் போகச் சொல்லவில்லை. சில வாரங்கள் கழித்து மச்சான் வந்தார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு நின்றார். ஆத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், "சாப்பிடுற நேரம், எலையப் போடு" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அவர் இலையில் உட்காரவில்லை. அக்கா முற்றத்தில் கேழ்வரகு உலர்த்திக்கொண்டிருந்தாள். சற்றுத் தள்ளிக் குந்தினார்.

"நான் களவாண்டேன்னு நெனைக்கிற."

"பின்னே என்னவாம்?"



"அன்னிக்கு எனக்கு உள்ள ஒண்ணுமே வரல. எல்லாரும் அழுகுறாங்க. பெத்தவன் நானு, எனக்கு எப்பிடி அழுகுறதுன்னு தெரியல. அதான் ஒன்னையப் பாத்தேன். அப்புறமும் வரல. வருசம் போயும் வரல. இந்த வேசத்தைக் குடுத்தாங்க. சீலையக் கட்டிக்கிட்டு அந்தத் துணிய மடிச்சேன் பாரு, அப்பத்தான் வந்துச்சு. ஊரு அது நடிப்புன்னு நெனைக்குது. நான் எம் மகனுக்கு அழுதுக்கிட்டு இருக்கேன்."

"நெசமாவே அழுதீங்களா?"

"நெசமா."

"அப்ப எனக்கு முன்னால ஏன் அழுகல? நான் ஒருத்தி தனியாத்தானே கெடந்தேன்?"

 எத்தனையோ பேருடைய பேச்சைத் தன் வாயில் வைத்திருந்தவர், வெறுமனே கையை விரித்தார். அக்கா கேழ்வரகைக் கையால் பரப்பிக்கொண்டே இருந்தாள்.

"அந்த அழுக என்னுது. எம் புள்ளைக்கு நான் அழுதது. அதை விட்டுருங்க."

"சரி" என்றார் அவர்.

எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, நான் போட்ட இலை காயக் காயப் போய்விட்டார்.

அதன் பிறகு நடந்ததைக் கம்பெனி ஆர்மோனியக்காரர் ஒருநாள் என் பஸ்ஸில் வரும்போது சொன்னார். கீரனூரில் நாடகம். ஜனம் அந்த அழுகைக்காகவே வந்து குவிந்திருக்கிறது. மச்சான் ராணியாக வந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, பேச வேண்டியதை மட்டும் மெல்லப் பேசிவிட்டு எழுந்துவிட்டார். "அழுக எங்கடா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்த, கொட்டகையே விசிலடித்தது. முதலாளி கெஞ்சினார், பிறகு திட்டினார். ஏன் மாற்றினாய் என்பதற்கு மச்சான் காரணம் சொல்லவில்லை. "அது வர மாட்டேங்குதுங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். தாய் வேஷம் வேறொரு பையனுக்குப் போயிற்று. ராஜாவுக்குப் பின்னால் ஈட்டி பிடித்து நிற்கிற சேவகன் வேஷம்தான் மச்சானுக்கு மிஞ்சியது.

"ஒங்க மச்சானுக்கு என்னமோ ஆயிப்போச்சுய்யா" என்றார் ஆர்மோனியக்காரர். "வாழ்க்கையில ஒரே ஒரு தடவ ஊரு அவரு பேரைக் கேட்டுச்சு. கையில வந்ததைத் தானே தட்டிவிட்டுட்டாரு."

அக்காவிடம் இதை அப்படியே சொன்னேன். அவள் காதில் விழாத மாதிரி அரிசி களைந்துகொண்டிருந்தாள். படுக்கப் போகும்போது மட்டும், "காலையில ஒன் வண்டிக்கு வாரேன்" என்றாள்.

அவர்கள் மறுபடியும் ஒன்றாக வாழ்ந்தார்கள். மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. ராசுவின் பேச்சை மட்டும் இருவரும் எடுப்பதில்லை. வேறு பிள்ளையும் பிறக்கவில்லை. யுத்தம் வந்தது. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்து, விளக்கு இல்லாமல் நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. என் பஸ்கூடப் பெட்ரோல் கிடைக்காமல், முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு மேட்டில் ஏற முக்கியது. கம்பெனி கலைந்ததும் மச்சான் கோயம்புத்தூர்ப் பக்கம் போய்ப் பேசும் படங்களில் சில்லறை வேஷம் கட்டினார். கோர்ட்டு டவாலி, சவரத் தொழிலாளி, ஜோசியர், திருடனைத் துரத்துகிற ஊர் ஜனத்தில் ஒருவர். புதுக்கோட்டையில் படம் வந்தால் நானும் அக்காவும் போவோம். எனக்கு ஒருபோதும் அவரைக் கண்டுபிடிக்கத் தெரியாது. அக்காதான் இருட்டில் என் கையைக் கிள்ளி, "அந்தா, கொடம் தூக்கிக்கிட்டுப் போறது" என்பாள். ஒரு படத்தில் அவருடைய முதுகு மட்டும்தான் வந்தது. அதையும் கண்டுபிடித்தாள். சொந்த நடையே இல்லாத மனிதரை எதை வைத்து அடையாளம் கண்டாளோ!

யுத்தம் முடியும் சமயத்தில் அவர் ஒரேயடியாகத் திரும்பிவிட்டார். முழங்கால் வீங்கிப் போயிருந்தது. தலை பாதிக்கு மேல் வெளுத்திருந்தது. கடைவீதியில் ஒரு சைக்கிள் கடைக்காரரின் பக்கத்தில் உட்கார்ந்து பொழுதைக் கழிப்பார், போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு.

ஒரு நாள் நண்பகல், பஸ் பழுதாகி நின்றுவிட்டதால் நான் திருக்கோகர்ணத்துக்குச் சாப்பிடப் போயிருந்தேன். மச்சான் கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தெருவில் ஏதோ ஒரு குழந்தை ஓடுகிற சத்தம் கேட்டது. அக்காவின் கை நின்றது.

"தம்பி, ராசு மொகம் வர மாட்டேங்குதுடா."

நான் சோற்றைப் பிசைவதை நிறுத்தினேன். அந்தப் பெயரை அவள் வாயால் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

"ரொம்ப நாளா நெனைச்சுப் பாக்குறேன். கண்ண மூடினா எதிர்த்த வீட்டுப் புள்ளை வருது, மாரியாயி பேரன் வாரான். அவன் வர மாட்டேங்குறான். ஒரு போட்டோ எடுத்திருக்கலாம். அடுத்த திருவிழாவுக்கு எடுப்போம், அடுத்த திருவிழாவுக்கு எடுப்போம்னு விட்டுட்டோம்."

 அக்கா கட்டில் பக்கம் பார்க்காமலே கேட்டாள்:

"ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"எவ்வளவு?"

"எல்லாம்."

அக்கா கீரைக் காம்பைக் கீழே வைத்தாள்.

"காட்டுங்க."

மச்சான் மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"நீதானே வேணாம்னு சொன்ன."

"நான் அழுததத்தான் வேணாம்னேன். அவன வேணாம்னு எப்பச் சொன்னேன்?"

அவர் வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினார். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படி வரை போனார். அங்கே போய்த் திரும்பி, பின்பக்கமாக ஒரு காலைக் கீழே விட்டுத் துழாவி, தரை தட்டியதும் மறு காலை இறக்கினார். உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ராசு அப்படித்தான் படி இறங்குவான், முதுகைக் காட்டிக்கொண்டு. நான் அதைச் சுத்தமாக மறந்துபோயிருந்தேன். பிறகு ஏறி உள்ளே வந்தார். வயிறு முன்னால் தள்ளியிருந்தது. இரண்டு கையும் உடம்பை ஒட்டாமல் விலகி, விரல்கள் விரிந்திருந்தன. வலது கால் விரல்களில் ஊன்றி, அவசரமாக, சாயப் போகிறவனைப் போல வந்தார். வீங்கிய முழங்காலும் நரைத்த தலையும் எங்கேயோ போய்விட்டன. அவன்தான் வந்தான்.

அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் வேகமா" என்றாள் கைக்குள்ளிருந்து. "அவன் இவ்வளவு மெதுவா வர மாட்டான்."

"சரி" என்றார் அவர். மூச்சு வாங்கியது. மறுபடியும் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நான் எழுந்து அவரை உட்காரச் சொல்ல நினைத்தேன். அக்கா கையால் என்னை அமர்த்தினாள்.

அவர் படியில் இறங்கி ஏறி மறுபடியும் வந்தார். பாதி வழியில் சட்டென்று நின்றார். தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் அக்காவைப் பார்த்தார், அவள் தன்னைக் கவனிக்கிறாளா என்று. அது அந்தப் பையனின் வழக்கம். அம்மா பார்க்காவிட்டால் மேலே ஓர் அடி எடுத்து வைக்க மாட்டான். அக்கா கையை வாயிலிருந்து எடுத்தாள். எந்தக் காலத்திலோ அவனுக்குச் சொல்லி நிறுத்திய பேச்சு தானாக வந்தது.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். வா."

அவர் வந்தார்.